நூலகத்தில் நடுவில் இருப்பவர்கள்: நீங்கள் பார்த்த ஆய்வாளர், கண்காணிப்பாளர், பிரிவுத் தலைவர் பற்றிச் சொல்லுங்கள்

மூன்றாம்நிலை

டெல்டா பக்கம் ஒரு கிளை நூலகத்தில் மூன்றாம் நிலை நூலகராக இருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், எங்கள் மாவட்டத்து ஆட்கள் இங்கேயும் உலவுகிறார்கள்.

நூலகம் பற்றிப் பேச்சு வந்தால் ஒன்று கவுண்டரில் இருக்கும் எங்களைத் திட்டுவார்கள், இல்லாவிட்டால் சென்னையில் இருக்கும் இயக்ககத்தைத் திட்டுவார்கள். இடையில் ஒரு கூட்டம் இருப்பது யாருக்கும் ஞாபகம் வராது. நூலக ஆய்வாளர், கண்காணிப்பாளர், மாவட்ட நூலக அலுவலர். கல்லூரி, பல்கலைக்கழகம் என்று போனால் உதவி நூலகர், துணை நூலகர், பிரிவுத் தலைவர். பத்துப் பதினைந்து வருடத்தில் இவர்கள் வேலை தலைகீழாக மாறிவிட்டது. பொறுப்பு ஏறிக்கொண்டே போகிறது, கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்பது என் கணக்கு. நீங்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள், பொத்தாம்பொதுவாக வேண்டாம்.

நானே ஆரம்பிக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆய்வாளர் சொல்லாமல்தான் வருவார். பேருந்தில் வந்து இறங்கி, உள்ளே நுழைந்ததும் நாளிதழ் மேசை, அன்றைய பேப்பர் எல்லாம் வந்திருக்கிறதா என்று. அப்புறம் வருகைப் பதிவேட்டில் இருக்கும் கையெழுத்தையும் உள்ளே உட்கார்ந்திருக்கும் தலைகளையும் எண்ணுவார். அதற்குப் பிறகுதான் உண்மையான பரீட்சை. நூலகத்துக்கு வந்த புத்தகத்தை எல்லாம் எண் போட்டு எழுதும் சேர்க்கைப் பதிவேட்டை நடுவில் எங்கேயோ பிரித்து, ஒரு எண்ணில் விரலை வைத்து, "இதை எடுத்துட்டு வாங்க" என்பார். நான் அலமாரிக்கு ஓடுவேன். புத்தகம் கிடைத்தால் பின் அட்டையைத் திறந்து தேதிச் சீட்டைப் பார்ப்பார், கடைசியாக எப்போது வெளியே போனது என்று. ஒன்றும் பேசாமல் அடுத்த எண். பழைய பேப்பர் எடைக்குப் போட்ட பணம் கட்டிய ரசீது வரைக்கும் கேட்டுவிட்டு, சிவப்பு மையில் நாலு வரி எழுதிவிட்டு அடுத்த பேருந்தைப் பிடிப்பார்.

இப்போதைய ஆய்வாளர் வாட்ஸ்அப்பில்தான் வாழ்கிறார், பாவம். புதிய உறுப்பினர் எத்தனை, நன்கொடை கட்டிச் சேரும் புரவலர் எத்தனை பேர் சேர்த்தீர்கள், நிகழ்ச்சி நடத்திய படம் எங்கே, படத்தில் பேனர் தெரிகிறதா, எடுத்த இடத்தைக் காட்டும் ஜியோடேக் இருக்கிறதா. போன மாதம் ஒருநாள் நேரில் வந்தார். அலமாரிப் பக்கம் போகவே இல்லை. என் நாற்காலியில் உட்கார்ந்து போனில் இன்னொரு கிளையின் கணக்கை வாங்கிக்கொண்டிருந்தார், அதை ஒரு தாளில் குறித்து, கூட்டிப் பார்த்து, மேலே அனுப்பிவிட்டு, கிளம்பும்போது "புதுப் புத்தகக் கட்டு பிரிச்சாச்சா?" என்று மட்டும் கேட்டார். நான் இன்னும் பிரிக்கவில்லை என்றேன். "சரி, பாருங்க" என்று போய்விட்டார். பழைய ஆளாக இருந்திருந்தால் அதற்கே ஒரு மெமோ வந்திருக்கும்.

பழையபேரேடு

தம்பி, அந்தச் சிவப்பு மை ஆசாமி நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எழுதினால் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே இருந்து பார்த்தால் ஆய்வாளர் என்றால் குறை கண்டுபிடிக்க வருகிறவர். என் காலத்தில் பாதி நாள் நூலகத்திலேயே இருந்ததில்லை, நகராட்சி வாசலிலும் பேரூராட்சி வாசலிலும்தான் இருந்தேன். காரணம் நூலக வரி. 1948 பொது நூலகச் சட்டம் வந்தது முதல் நம் பொது நூலகங்களுக்கு அதுதான் சோறு. சொத்து வரியோடு சேர்த்து உள்ளாட்சி வசூலிக்கும், இப்போது ரூபாய்க்குப் பத்துப் பைசா, அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்ட வேண்டும். சட்டப்படி வர வேண்டிய பணம், ஆனாலும் போய் நின்றால்தான் வரும். "இந்த மாசம் சம்பளத்துக்கே இழுபறி சார், அடுத்த மாசம் பாக்கலாம்" என்று கணக்கர் சொல்வார். அவரோடு டீ குடித்து, அவர் பையனுக்கு எந்தக் கோர்ஸ் நல்லது என்று பேசி, மெதுவாக ஒரு காசோலையை வாங்கிக்கொண்டு வர வேண்டும். இது எந்த வேலைப் பட்டியலிலும் எழுதியிருக்காது.

இருப்புச் சரிபார்ப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது எல்லோரும் அந்தக் காலத்தைப் பொற்காலம் மாதிரிப் பேசுகிறார்கள். ஒரு கிளைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு பீரோக்கள் வரிசையாக, எல்லாவற்றிலும் பூட்டு. நூலகர் ஒரு அம்மா, சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருக்கிறார். வாசகர் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் திறந்து எடுத்துக் கொடுப்பார். ஏன் பூட்டு என்றேன். "போன ஆய்வுல புத்தகம் குறையுதுன்னு எழுதுனீங்க சார், என் சம்பளத்துல புடிச்சாங்க. இனிமே ஒண்ணு குறையாது" என்றார். உண்மையிலேயே குறையவில்லை. அவ்வளவு சுத்தமான இருப்பை நான் பார்த்ததே இல்லை. வழங்கல் பதிவேட்டைப் புரட்டினால் ஈ ஓட்டுகிறது.

நூலகவியலுக்கு ஐந்து விதி எழுதிய நம் சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931லேயே முதல் விதியாக நூல்கள் பயன்பாட்டுக்கே என்று எழுதிவிட்டார். படிவத்தில் "காணாமல் போனவை" என்று ஒரு கட்டம் இருக்கும், "படிக்கப்பட்டவை" என்று ஒரு கட்டம் இருக்காது. எந்தக் கட்டம் இருக்கிறதோ அதற்குத்தானே கீழே இருப்பவர் வேலை செய்வார்? அந்த அம்மாவிடம் பீரோவைத் திறந்து வையுங்கள் என்று வாயால் சொன்னேன். "எழுத்துல குடுங்க சார்" என்றார். எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆகவே, தம்பி சொல்கிற அதிகாரக் குறைச்சல் இன்று நேற்று வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை_லீவு

மேலே ஐயா சொன்ன கட்டம்தான் இப்போது எக்செல் ஆகியிருக்கிறது. எங்கள் குழுவில் "மாலை 4 மணிக்குள்" என்று வராத நாள் இல்லை. ஒரே தகவலை மூன்று வடிவத்தில் கேட்பார்கள். ஒருமுறை ஆய்வாளரிடம் நேரிலேயே கேட்டேன், போன வாரம்தானே சார் கொடுத்தோம் என்று. "எனக்கும் தெரியும்மா, எங்கிட்டயும் இருக்கு. ஆனா மேல புது ஃபார்மட்ல கேக்கறாங்க" என்றார். அப்புறம் அவரே உட்கார்ந்து எங்கள் எல்லோருடைய பழைய கணக்கையும் புதிய வடிவத்தில் ஏற்றி அனுப்பியிருக்கிறார், ராத்திரி பதினோரு மணிக்குக் குழுவில் "யாரும் அனுப்ப வேண்டாம், முடிந்தது" என்று செய்தி. எங்களுக்கு அன்று அது பெரிய உதவி. ஆனால் ஒரு மாவட்டத்து ஆய்வாளர் ராத்திரி பதினோரு மணிக்குத் தட்டச்சுப் பணியாளர் வேலை பார்க்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும் இல்லையா?

அது போக, 2022க்கு அப்புறம் மாவட்டத்துக்கு மாவட்டம் புத்தகத் திருவிழா. நல்ல விஷயம்தான், நானே பையை நிரப்பிக்கொண்டு வருகிறேன். ஆனால் அரங்கு ஒதுக்குவது, பள்ளிப் பிள்ளைகள் வண்டி, பேச்சாளருக்கு அறை என்று அந்தப் பத்து நாளும் ஆய்வாளரைக் கல்யாண வீட்டு மாமாவாகத்தான் பார்க்க முடிகிறது.

குரூப்4_கனவு

நான் ஊழியர் இல்லை, வாசகன். வாசகன் என்று சொல்லலாமா என்றே சந்தேகம், ஏனென்றால் நூலகப் புத்தகத்தை எடுத்துப் படித்தது குறைவு. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மேசையைப் பிடித்து, சொந்தப் புத்தகத்தை விரித்து, டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன்.

எங்களால் அங்கே ஒரு சண்டையே வந்தது. தினமும் பேப்பர் படிக்க வரும் பெரியவர்களுக்கு இடம் இல்லை. ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், "இது நூலகமா, டியூஷன் சென்டரா?" என்று சத்தம் போட்டார். இன்னொரு பக்கம் எங்கள் ஆட்கள் காலையிலேயே பையை வைத்து இடம் பிடித்துவிட்டு டிபன் சாப்பிடப் போய்விடுவார்கள், அதுவும் அநியாயம்தான். நூலகர் அண்ணன் ரெண்டு பக்கமும் பேசமுடியாமல் தவித்தார். யாரோ மாவட்டத்துக்கு மனு போட்டுவிட்டார்கள். ஆய்வாளர் வந்தார்.

சட்டம் பேசுவார், எங்களைத் துரத்துவார் என்று எதிர்பார்த்தோம். மனிதர் மதியம் வரை எங்கள் மேசையிலேயே ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். யார் என்ன தேர்வுக்குப் படிக்கிறோம், எத்தனை மணிக்கு வருகிறோம், வீட்டில் இடம் இருக்கிறதா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். என் பக்கத்தில் இருந்த பெண் "வீட்ல ஒரே ரூம் சார், டிவி ஓடும்" என்றாள், அதைக் கூட எழுதிக்கொண்டார். அப்புறம் பெரியவர்களையும் வாசகர் வட்டத் தலைவரையும் கூப்பிட்டு அங்கேயே பேச்சு. முன்னறையும் பேப்பர் மேசையும் எங்களுக்குக் கிடையாது, பின்னறை முழுக்க எங்களுக்கு, பையை வைத்து இடம் பிடித்தால் அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம். பின்னறையில் மின்விசிறி ஓடாது. அதற்குத் துறையில் எழுதினால் எப்போது வரும் என்று அவருக்கே தெரியும் போல. வாசகர் வட்டத்தில் ஒருவரைப் பெரும் புரவலராகச் சேரவைத்து, இன்னொரு கடைக்காரரிடம் பேசி விசிறி இரண்டு வாங்கிவிட்டார். இந்த ஏற்பாட்டில் ஒன்றுக்கும் எழுத்தில் உத்தரவு கிடையாது, அத்தனையும் வாய்ப்பேச்சு.

அப்புறம் எங்கள் ஊரில் நகராட்சி சார்பில் நூலகமும் அறிவுசார் மையமும் திறந்தார்கள். ஏசி, வைஃபை, கணினி எல்லாம் உண்டு. நாங்கள் பாதிப் பேர் அங்கே போய்விட்டோம். அது நகராட்சி நிர்வாகத் துறை, கிளை நூலகம் பொது நூலகத் துறை, ரெண்டும் வேற வேற கணக்கு என்று அப்போதுதான் தெரிந்தது. ஆய்வாளர் மறுபடி வந்தார். இந்த முறை கூட்டம் குறைந்துவிட்டதே என்று மேலே கேட்டிருக்கிறார்கள்! காலியான பின்னறையில் பிள்ளைகளுக்கு சனி ஞாயிறு கதை சொல்லல் ஆரம்பிக்கலாமா என்று நூலகரோடு பேசிக்கொண்டிருந்தார். முதலில் கூட்டம் கூடியதற்குப் பதில் சொன்னவர், அப்புறம் குறைந்ததற்கும் பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

கார்டெக்ஸ்

பொது நூலகம் பற்றியே போகிறது, நான் பல்கலைக்கழகப் பக்கத்தைச் சொல்கிறேன். பருவ இதழ்ப் பிரிவில் ஆரம்பித்து, அந்தப் பிரிவின் தலைவராகி, இப்போது துணை நூலகர்.

கார்டெக்ஸ் தெரியாத பிள்ளைகளுக்காக: இரும்புப் பெட்டி, உள்ளே மெலிசான தட்டுகள், ஒவ்வொரு இதழுக்கும் ஒரு அட்டை. இதழ் வந்தால் அந்த மாதக் கட்டத்தில் குறி. கட்டம் காலியாக இருந்தால் முகவருக்கு நினைவூட்டுக் கடிதம். வெளிநாட்டு இதழுக்கு விலை டாலரில் இருக்கும், ரூபாயில் எந்த விகிதத்தில் கொடுத்தோம் என்பதற்குச் சான்று வைக்காவிட்டால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம். வருடக் கடைசியில் பன்னிரண்டையும் சேர்த்து பைண்டிங்குக்கு அனுப்பி, முதுகில் தங்க எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று நானே தடவிப் பார்ப்பேன். எந்தத் துறைக்கு எந்த இதழ் வேண்டும், எதை நிறுத்தலாம் என்று பேராசிரியர்களோடு சண்டை போடும் உரிமை எனக்கு இருந்தது. பிரிவில் என் பேச்சு எடுபட்டது.

மின்னிதழ் வந்தது, பல நூலகங்கள் சேர்ந்து இதழ் வாங்கும் கூட்டமைப்பு வந்தது, என் பிரிவு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கடைசியாக 'ஒரே நாடு ஒரே சந்தா', மத்திய அரசே மொத்தமாக இதழ்களுக்குச் சந்தா கட்டும் திட்டம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, 2025 ஜனவரி முதல் நடைமுறை. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், 13,000 இதழ்கள் அளவில். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் காந்திநகர் இன்ஃபிளிப்நெட் மையம் வழியாக வருகிறது. மாணவர்களுக்கு இது மிகப் பெரிய வரம், அதில் இரண்டு கருத்து கிடையாது. சின்ன அரசுக் கல்லூரியில் இருக்கும் பிள்ளையும் ஐஐடியில் இருப்பவர் பார்க்கும் அதே இதழைப் பார்க்கலாம். ஆனால் எதை வாங்குவது என்ற கேள்வியே என் மேசையைத் தாண்டிப் போய்விட்டது. எனக்கு மிச்சம் இருப்பது கடவுச்சொல் மறந்தவர்களுக்கு உதவி, பயிற்சி வகுப்பு, கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு போடும் நாக் குழு வந்தால் ஒரு நாளைக்கு எத்தனை பேர் நூலகத்துக்கு வருகிறார்கள் என்று காட்டும் பட்டியல்.

ஒன்று மட்டும் புதிதாக வந்தது, அதுவும் பெரிய பாரமாக வந்தது. 2018இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) கருத்துத் திருட்டு விதிமுறை. ஆய்வேட்டில் மற்றவர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் திருத்தித் தர வேண்டும், 60 வரை என்றால் ஒரு வருடம் சமர்ப்பிக்க முடியாது, அதையும் தாண்டினால் பதிவே ரத்து. மென்பொருளில் செய்யும் இந்தச் சோதனை எங்கள் நூலகத்தில் நடக்கிறது. கையெழுத்து என்னுடையது. திடீரென்று நான் ஒரு நீதிமன்றம் மாதிரி ஆகிவிட்டேன், ஆனால் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை, எண்ணைச் சொல்லும் அதிகாரம் மட்டும்.

தமிழ்த்துறை ஆய்வேடுகளில் கூத்து கேளுங்கள். மென்பொருளுக்கு யூனிகோடு தமிழ் ஏதோ புரிகிறது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆய்வேட்டை அப்படியே ஏற்றினால் அதற்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை, ஒற்றுமை சுழியம் என்று காட்டும். முழுக்கச் சுட்டதாக இருந்தாலும் சுழியம்தான். நேர்மையாக யூனிகோடில் எழுதி, சங்கப் பாடலை மேற்கோள் காட்டியவருக்கு 20க்கு மேல் போகும், பாட்டு உலகம் முழுக்க ஒன்றுதானே. எங்கள் பிரிவில் முதல் வேலையாக எழுத்துருவை மாற்றித் தராவிட்டால் வாங்குவதில்லை என்று வைத்தோம். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

முனைவர்_பட்ட_அகதி

கார்டெக்ஸ் சார், நீங்கள் சொன்ன அந்த 20க்கு மேல் போன கூட்டத்தில் நானும் உண்டு (உங்கள் பல்கலைக்கழகமாக இருக்காது என்று நம்புகிறேன்).

எனக்கு வந்த எண்ணைப் பார்த்ததும் கை நடுங்கியது. நெறியாளரிடம் போனால் "லைப்ரரில கேளு" என்றார். நூலகத்தில் உதவி நூலகர் ஒரு மேடம். அவர் அறிக்கையைத் திறந்து, வண்ணம் அடித்த ஒவ்வொரு வரியையும் கூடவே உட்கார்ந்து பார்த்தார். "இது பாட்டு, மேற்கோள் குறி போட்டிருக்கீங்க, இதைக் கழிக்கணும். இது துணைநூற்பட்டியல், கழிக்கணும். இங்க பாருங்க, 'என்பதை இவ்வியல் ஆராய்கிறது'ன்னு எல்லார் ஆய்வேட்டுலயும் இருக்கு, பதினாலு சொல்லுக்குள்ள வந்தா விட்டுரலாம்." இப்படிப் போய்க்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினார். இரண்டு பக்கம், உரையாசிரியர்கள் பற்றியது. "இது உங்க வரி இல்ல. மாத்தி எழுதுங்க." அது என் வரி இல்லைதான்.

மொத்த ஆய்வுக் காலத்தில் என் ஆய்வேட்டை வரி வரியாகப் படித்த ஒரே ஆள் அவர்தான். நெறியாளர் முன்னுரையும் முடிவுரையும் பார்த்தார்.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி ஆள் இல்லை. என் நண்பன் படித்த இடத்தில் எண்ணை அச்சடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்களாம். அவன் காசு கொடுத்து வெளியில் 'குறைத்துத் தருகிறோம்' என்கிற ஆளிடம் போனான். அவர்கள் ஒத்த சொல் மாற்றிப் போட்டு, தலைவி என்று இருந்த இடத்தில் எல்லாம் பெண் தலைவர் என்று ஆக்கியிருந்தார்கள்.

சாப்பாட்டுச்_செலவு

எல்லோரும் நன்றாக உருகுகிறீர்கள். நான் பார்த்த ஒருவர் ஆய்வுக்கு வந்தால் மதியச் சாப்பாடு எங்கள் தலையில்தான், வண்டிக்குப் பெட்ரோலும் சில சமயம். விடுப்பு விண்ணப்பம் அவர் மேசையில் தூங்கும், நாம் நேரில் போய் நின்றால்தான் எழுந்திருக்கும். வாட்ஸ்அப் வந்த பிறகு அவர் நேரில் வருவது குறைந்தது, எங்களுக்குச் செலவு மிச்சம். தொழில்நுட்பத்தால் எனக்குக் கிடைத்த நன்மை இது.

ஊர்ப்புறத்தாள்

ஊர்ப்புற நூலகர் நான். ஒரே ஆள். கூட்டுவது, பேப்பர் அடுக்குவது, புத்தகம் கொடுப்பது, சாவி எல்லாம் நானே. எங்களைப் பொறுத்தவரை ஆய்வாளர்தான் துறை. அவருக்கு மேலே யார் என்று எனக்கு முகம் தெரியாது.

இப்போது இருப்பவர் பெண். ஸ்கூட்டியில் வருவார். பக்கத்துப் பகுதியும் கூடுதல் பொறுப்பு, அங்கே இருந்தவர் ஓய்வு பெற்றபின் ஆளே போடவில்லை. அதனால் ஒரு நாளில் எங்களுக்குக் கிடைப்பது அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று சொல்கிறேன்.

எங்கள் கட்டடம் ஊராட்சியுடையது. மழை பெய்தால் பின்சுவரில் நீர் இறங்கும், அந்தப் பக்கம்தான் நாவல் அலமாரி. துறையில் கேட்டால் கட்டடம் எங்களுடையது இல்லையே என்பார்கள், ஊராட்சியில் கேட்டால் நூலகம் உங்கள் துறைதானே என்பார்கள். நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். மேடம் வந்த அன்று மழை. ஈரம் குடித்து உப்பிப்போன ஒரு பழைய தொடர்கதை பைண்டிங்கைக் கையில் எடுத்தார், பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பூசணம் பூத்திருந்தது. "இதை எடுத்துக்கிட்டு வாங்க" என்று என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு நேரே தலைவர் வீட்டுக்குப் போனார். தலைவரின் அம்மா திண்ணையில் இருந்தார். மேடம் அந்தப் புத்தகத்தை அவரிடம் காட்ட, பாட்டி "இது நான் வாராவாரம் படிச்ச கதையாச்சே" என்றுவிட்டார். தலைவர் வெளியே வரும்போதே பாதி வேலை முடிந்துவிட்டது. ஓடு மாற்றி, சுவருக்குப் பூச்சும் போட்டுக் கொடுத்தார்கள்.

நூலக நண்பர்கள் திட்டத்திலும் அதே மாதிரிதான். 2022இல் அறிவித்தார்கள், தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பட்டியல் கேட்டார்கள், நாலைந்து பெயரைக் கொடுத்தால் போதும் என்றுதான் மற்றவர்கள் செய்தார்கள். மேடம் வந்து "யாரு வீட்டுக்கு வீடு எப்படியும் போறாங்க?" என்று கேட்டார். பால் ஊற்றும் அக்கா ஒருத்தி இருக்கிறாள், பத்தாவது வரை படித்தவள். அவளையே சேர்த்தோம். பிரசவத்துக்கு வந்திருக்கும் பெண்கள், நடக்க முடியாத பெரியவர்கள் என்று அவளுக்கு யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். சமையல் புத்தகத்துக்கும் ராஜேஷ்குமாருக்கும்தான் கிராக்கி.

ஒரு வருத்தம். இதெல்லாம் மேடத்தின் எந்த அறிக்கையிலும் வராது. 'தன்னார்வலர் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் எங்கள் ஊருக்கு நேரே 1 என்று இருக்கும். பக்கத்து ஊரில் 6.

சிங்கை_வாசகி

இங்கே சிங்கப்பூரிலிருந்து ஒரு வார்த்தை. 1998இல் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் ஆர்எஃப்ஐடி (புத்தகத்தில் ஒட்டிய சில்லை ரேடியோ அலையில் படிக்கும் முறை) கொண்டுவந்தார்கள், 2002க்குள் எல்லாக் கிளைக்கும் பரவிவிட்டது. புத்தகத்தை நாமே இயந்திரத்தில் வைத்து எடுத்துக்கொள்ளலாம், திருப்புவதற்குச் சுவரில் ஒரு வாய். என் பிள்ளைகளுக்கு முத்திரை குத்தும் சத்தமே தெரியாது. அதோடு கவுண்டரை மேற்பார்வை பார்த்தவரின் வேலையும் போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

அப்படி ஆகவில்லை. எங்கள் பக்கத்துக் கிளையில் தமிழ்ப் புத்தகப் பகுதியில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு அலுவலர் வந்து பேச்சுக் கொடுத்தார், சீனப் பெண்மணி, தமிழ் தெரியாது. என் மகள் எந்தத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கிறாள், ஏன் வைக்கிறாள் என்று கேட்டார். எழுத்து பொடியாக இருக்கிறது, படத்தில் இருக்கும் வீடு அவளுக்குப் பழக்கமில்லை என்றேன். குறித்துக்கொண்டார். அடுத்த முறை தமிழ்க் கதை நேரத்துக்குத் தன்னார்வலராக வர முடியுமா என்று மின்னஞ்சல். இப்போது நானும் போகிறேன். அந்த அலுவலருக்கு என்று நிரந்தர மேசை கிடையாது, தளத்தில் சுற்றிக்கொண்டேதான் இருப்பார்.

ஊர்ப்புறத்தாள் அக்கா சொன்ன பால்கார அக்காவையும் இவரையும் சேர்த்துப் பார்த்தேன், ரெண்டு இடத்திலும் நடுவில் இருப்பவர் ஆளைத் தேடிப் பிடிக்கிற வேலைதான் செய்கிறார். இங்கே அதற்குச் சம்பளமும் பதவிப் பெயரும் இருக்கிறது, அங்கே ஸ்கூட்டி பெட்ரோலும் சொந்தக் காசு.

மூன்றாம்நிலை

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சாப்பாட்டுச் செலவுக்காரரே, உங்கள் ஆளை எனக்கும் தெரியும் போல இருக்கிறது.

ஒன்று சேர்க்கிறேன். புத்தகக் கொள்முதல் இணையவழிக்குப் போனபின் பதிப்பாளர்களுக்கு வெளிப்படைத்தன்மை கூடியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் என்ன கேட்கிறார்கள் என்பது மேலே எப்படிப் போகும்? நான் ஒரு நோட்டு போட்டு வைத்திருக்கிறேன், இல்லை என்று சொல்லி அனுப்பிய புத்தகத்தின் பெயரை எல்லாம் எழுதுகிறேன். விவசாயம், மீன் வளர்ப்பு, பிள்ளைகளுக்கு டைனோசர். ஆய்வாளரிடம் கொடுத்தேன், படம் எடுத்துக்கொண்டார். அவர் மேலே அனுப்பினாரா, அவருக்கு மேலே இருப்பவர் பார்த்தாரா, தெரியாது. குரூப்4 தம்பி சொன்ன ஆய்வாளரோ ஊர்ப்புறத்தாள் சொன்ன மேடமோ தன் கையில் வருடத்துக்கு ஐயாயிரம் ரூபாய்க்குச் சொந்தமாகப் புத்தகம் வாங்கலாம் என்று ஒரு உத்தரவு இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதைத்தான் அதிகாரம் என்கிறேன்.

பழையபேரேடு ஐயாவிடம் ஒரு சந்தேகம். என் கிளையில் கிழிந்து, பூச்சி அரித்து, கையில் எடுத்தால் உதிர்கிற புத்தகம் ஒரு பீரோ நிறைய இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர் ஒப்படைத்துவிட்டுப் போனது. எல்லாம் இருப்புக் கணக்கில் இருக்கிறது. இதைக் கழிக்கச் சொல்லி இப்போதைய ஆய்வாளரிடம் கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார். என்ன செய்வது?

பழையபேரேடு

வாயால் கேட்காதீர்கள். சேர்க்கை எண், தலைப்பு, விலை, என்ன நிலைமை என்று நாலு கட்டம் போட்டுப் பட்டியல் எழுதி, ரெண்டு நகல் எடுங்கள். அலுவலகத்துக்கு ஒரு கடிதத்தோடு கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்கிவிடுங்கள். கழிக்க அனுமதி தரும் இடம் ஆய்வாளர் இல்லை, மாவட்ட அலுவலகம். அவர் "பார்க்கலாம்" என்பது அதனால்தான், அவரைக் கோபிக்க வேண்டாம். பட்டியல் கையில் இருந்தால் அடுத்த கூட்டத்தில் அவரே எடுத்து வைப்பார், இல்லாவிட்டால் அவருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது.

அனுமதி வரும்வரை ஒரு தாளைக்கூட எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அப்புறம் உங்களுக்கு மாறுதல் வந்தால், அந்த பீரோவைத் தனியாக எழுதிக் காட்டித்தான் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். உங்களுக்கு முன்னால் இருந்தவர் அதைச் செய்யவில்லை என்றுதான் தெரிகிறது.